ஐந்தடுக்குக் கடலும் அதன் குடிகளும்

கடல் என்றால் நம்மவர்க்குப் புதிய பொருளன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் தொண்டியிலும் நம் முன்னோர் கடலைப் பார்த்தே கண் விழித்தவர்கள். மரக்கலம் ஏறிக் கடல் கடந்து வந்துதான் இந்தத் தீவில் கடை விரித்தார்கள். தெலுக் ஆயர் தெருவில் 1830ஆம் ஆண்டு வாக்கில் நாகூர் தர்கா எழும்பியபோது அதற்கு எதிரே கடல்தான் இருந்தது; அதைத் தூர்த்துத் தெருக்களாக்கியது பிற்காலத்தில். இன்றும் நம் கடைகளில் விற்கும் சரக்கில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்து இறங்குகிறது.

இப்படியிருந்தும் கடலின் மேற்பரப்பைத் தவிர வேறொன்றையும் நாம் கண்டதில்லை. ஒரு பெரிய மாளிகையின் மொட்டை மாடியில் பாய் விரித்து வியாபாரம் செய்துகொண்டு, கீழே எத்தனை தட்டுகள் இருக்கின்றன, அங்கே யார் குடியிருக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று விசாரிக்காமலேயே காலம் கழித்தவர்களைப் போல இருக்கிறோம். நாம் விஞ்ஞானியல்லோம், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்காருகிறவர்களே. ஆயினும் படித்தும் கேட்டும் அறிந்ததை நம் சகோதரர்களுக்கும், மாலை மதரஸாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம்.

ஐந்து தட்டுகள்

சமுத்திரத்தின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். அறிஞர்கள் இதை மேலிருந்து கீழாக ஐந்து தட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதலாவது வெளிச்சத் தட்டு: நீர்மட்டத்திலிருந்து 200 மீட்டர் வரை.
இரண்டாவது அந்தித் தட்டு: 200 முதல் 1,000 மீட்டர் வரை.
மூன்றாவது இருட்டுத் தட்டு: 1,000 முதல் 4,000 மீட்டர் வரை.
நான்காவது அடிநிலத் தட்டு: 4,000 முதல் 6,000 மீட்டர் வரை.
ஐந்தாவது பள்ளத் தட்டு: 6,000 மீட்டருக்குக் கீழே, கடலடிப் பெரும்பள்ளங்களில்.

கீழே இறங்க இறங்க மூன்று காரியங்கள் மாறுகின்றன. வெளிச்சம் குறைகிறது; தண்ணீரின் பாரம் கூடுகிறது; உணவு அருகிப் போகிறது. குளிரும் கூடும். நம் சிங்கப்பூர்க் கடல் 30 டிகிரி உஷ்ணத்தை ஒட்டியிருக்க, ஆழ்கடலின் நீர் சுமார் 2 முதல் 4 டிகிரியில் நிற்கிறது. இந்த மாற்றங்களுக்கு ஏற்றபடியே ஒவ்வொரு தட்டின் ஜீவராசிக்கும் கண்ணும் தோலும் எலும்பும் வயிறும் அமைந்திருக்கின்றன. இன்ன தட்டில் இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு பாரம், இவ்வளவு ரிஸ்கு என்று ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைப் புரிந்துகொள்வதுதான் இப்பாடத்தின் நோக்கம்.

ரஜூலா சென்ற வழி

இந்தத் தட்டுகள் எங்கோ தூர தேசத்தில் இருப்பவை என்று எண்ண வேண்டா. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலிலும், அது 1973இல் ஓய்ந்த பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலிலும் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த நம் பெரியவர்கள் இவற்றின் மேலேதான் பிரயாணம் செய்தார்கள்.

நாகப்பட்டினக் கரையை விட்ட கப்பல் முதலில் ஆழம் குறைந்த கரையோரத் திட்டின்மேல் செல்லும். பிறகு நிலம் சரிந்து இறங்கிவிடும். வங்காள விரிகுடாவின் நடுவில் கப்பலுக்குக் கீழே 3,000 மீட்டருக்கும் அதிகமான நீர் நிற்கும். மேல்தளத்தில் படுத்திருந்த நம் வாப்பாமார்களுக்குக் கீழே வெளிச்சத் தட்டும், அந்தித் தட்டும், இருட்டுத் தட்டில் பெரும்பாகமும் அடுக்கடுக்காக இருந்தன. நிக்கோபார்த் தீவுகளைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குள் புகுந்தால் நிலம் மறுபடியும் மேலே ஏறிவிடுகிறது. நீரிணையின் தென்பகுதியில் ஆழம் 37 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

நம் சிங்கப்பூர் நிற்பது சுந்தாத் திட்டு என்னும் அகன்ற, ஆழமற்ற கடலடி மேடையின்மீது. கடைசிப் பனிக்காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பொழுது இங்கிருந்து சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் கால்நடையாகவே போகலாம். ஆகவே நம்மைச் சூழ்ந்த கடல் மேல்தட்டுக் கடலே. ஆனால் ஜாவாவுக்குத் தெற்கே போனால் 7,000 மீட்டருக்கு மேற்பட்ட பெரும்பள்ளம் இருக்கிறது. இந்து மகாசமுத்திரத்தின் ஐந்து தட்டுகளும் நம் அண்டை அயலில்தான் உள்ளன.

முதல் தட்டு: வெளிச்சமும் வியாபாரமும்

சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்கும் நுண்ணிய பாசிகள் இத்தட்டில்தான் வாழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இப்பாசிகளை நம்பியே கடலின் மற்றக் குடிகளில் பெரும்பாலானவை உயிர் வாழ்கின்றன. உலகத்தின் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி கடல் தாவரங்களும் பாசிகளும் உண்டாக்குவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தேக்கா சந்தையில் நாம் வாங்கும் மீன்களைச் சற்று உற்றுப் பாருங்கள். கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் தெங்கிரி என்று நாம் இங்கே சொல்லும் வஞ்சிரத்துக்கும் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அந்த முதுகு கடலின் கருமையோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் சுறாவுக்கு அந்த வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். திறந்த கடலில் ஒளிந்துகொள்ள மரமோ பாறையோ இல்லை. ஆகவே தன் உடம்பையே மறைவிடமாக்கிக்கொண்டு நீந்துகிறது அந்த மீன்.

இதே சந்தையில் இக்கான் மேரா என்னும் செந்நிற மீனும் இருக்கிறது. இவ்வளவு பளிச்சென்ற சிவப்பு மீனைப் பகைவர் எளிதில் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். ஜவுளிக்கடைச் சகோதரர்களுக்கு இதன் விடை தெரியும். கடையின் விளக்கில் ஒரு நிறமாகத் தெரியும் துணி வாசலுக்குக் கொண்டுவந்தால் வேறு நிறமாகத் தெரிகிறதல்லவா? நிறம் என்பது துணியில் பாதி, வெளிச்சத்தில் பாதி. சூரிய வெளிச்சம் கடலுக்குள் இறங்கும்போது அதிலுள்ள சிவப்பே முதலில் மங்கிப் போகிறது. நீலம்தான் ஆழமாகச் செல்கிறது. சிவப்பு வெளிச்சம் இல்லாத இடத்தில் சிவப்பு மீன் சாம்பலாகவும் கறுப்பாகவும் தெரியும். நமக்கு அலங்காரமாகத் தெரிவது அதற்குப் போர்வை.

நம் சமுதாயத்தின் பழைய செல்வமும் இத்தட்டின் செல்வமே. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் படுத்திருக்கும் இடங்களைப் 'பார்' என்பார்கள். இவை பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் உள்ளவை. ஒரு பாகம் ஆறடி. ஆகவே 9 முதல் 18 மீட்டர் எனக் கொள்ளலாம். சிப்பி தன் இடத்திலேயே ஒட்டியிருந்து, ஓடி வரும் நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளைத் தின்று பிழைக்கிறது. வெளிச்சம் இருந்தால் பாசி. பாசி இருந்தால் சிப்பி. சிப்பி இருந்தால் முத்து. மரைக்காயர்கள் குத்தகை எடுத்ததும், நம்மவரும் பரதவரும் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியதும் அந்த மெல்லிய வெளிச்சத் தட்டுக்குள்தான்.

அந்தத் தட்டு எவ்வளவு பெரிய கருவூலமோ அவ்வளவு எளிதில் வற்றியும் போகும். தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பார்களில் சிப்பி தேறவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு நடந்த தொழில், நம் தகப்பனார் காலத்தில் முடிந்தது. அந்த வளைகுடாவின் 21 தீவுகளையும் சூழ்ந்த கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள்.

கடல் அட்டையின் கதையும் இதைப் போன்றதே. கடலடி மண்ணை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணைச் சுத்தமாக வெளியே விடும் தோட்டி இது. சீன மக்கள் விரும்பி வாங்கும் பண்டமாதலால் இராமநாதபுரக் கரையிலிருந்து அவித்து உலர்த்தி இந்தப் பக்கம் ஏற்றுமதியாயிற்று. அளவுக்கு மிஞ்சி அள்ளியதன் விளைவாக, 2001ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுத்துவிட்டது.

நம் சிங்கப்பூரிலேயே 250க்கு மேற்பட்ட கற்பவள இனங்கள் உண்டு என்றால் பலர் வியப்பார்கள். பவளம் ஒரு பிராணி. அதன் உடம்புக்குள் ஒருவகைப் பாசி குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து வாடகையாகக் கொடுக்கிறது. ஆகவே வெளிச்சம் குறைந்தால் பவளத்துக்குப் பட்டினி. தெளிந்த கடல்களில் பவளம் பல பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கி வாழும். நம் கடலோ கலங்கியது. நிலம் தூர்த்ததாலும் கப்பல் வழிகளைத் தோண்டியதாலும் வண்டல் மிகுந்துவிட்டது. அதனால் இங்கே பவளம் மேலே சுமார் பத்து மீட்டருக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. பவளத் திட்டுகளில் பாதிக்கு மேல் நிலத்துக்கு அடியில் போய்விட்டன. எஞ்சியதைக் காக்க 2014ஆம் ஆண்டில் சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு லட்சம் பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டமும் 2024 டிசம்பரில் தொடங்கியது.

இரண்டாம் தட்டு: விளக்கேந்திய மீன்கள்

இருநூறு மீட்டருக்குக் கீழே, மஃரிபு முடிந்த சமயத்தின் மங்கல் வெளிச்சம்தான். செடி வளர அது போதாது; கண் காண மட்டும் சிறிது உதவும். ஆகவே இத்தட்டின் மீன்கள் பலவற்றுக்குக் கண் பெரிது. சிலவற்றுக்கு அது மேல்நோக்கியே அமைந்திருக்கிறது.

இங்கே எண்ணற்று வாழ்வது விளக்குமீன் என்னும் விரல் நீள மீன். அதன் வயிற்றில் வரிசையாகச் சிறு விளக்குகள் இருக்கின்றன. ஒளிந்து வாழ வேண்டியவனுக்கு விளக்கு எதற்கு? கடை வாசலில் வெளிச்சத்தை மறைத்து நிற்பவன் உள்ளே இருப்பவனுக்குக் கரிய நிழலாகத் தெரிவான். அதுபோல, மேலே நீந்தும் மீனின் நிழல் கீழேயுள்ள பகைவனுக்குத் தெரிந்துவிடும். விளக்குமீன் தன் வயிற்று விளக்குகளை மேலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவுக்கே எரியவிட்டு அந்த நிழலை அழித்துவிடுகிறது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இத்தட்டின் குடிகள் பகலெல்லாம் ஆழத்தில் பதுங்கியிருந்து, மஃரிபுக்குப் பின் கூட்டங்கூட்டமாக மேல்தட்டுக்கு ஏறி இரை தின்று, சுபுஹுக்கு முன் மறுபடியும் இறங்கிவிடுகின்றன. உலகத்தில் நாள்தோறும் நடக்கும் மிகப் பெரிய பிராணிப் பிரயாணம் இதுவே. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஒலியை அனுப்பிக் கடலின் ஆழத்தை அளந்த அமெரிக்கக் கடற்படையினர், நடுக்கடலில் ஓர் 'அடித்தளம்' இருப்பதாகவும் அது இரவில் மேலே எழும்புவதாகவும் கண்டு திகைத்தார்கள். அது நிலமன்று, நெருக்கமாகத் திரண்ட ஜீவராசிகளே என்பது பின்னர் தெரிய வந்தது.

மூன்றாம் தட்டு: இருளும் பாரமும்

ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் ஒரு துளியும் இல்லை. திருக்குர்ஆனில் சூரத்துந் நூரின் 40ஆம் வசனம் ஆழ்கடலின் இருளை உவமையாக எடுத்துக் காட்டுவதை ஓதியவர் அறிவர். பாலைவனத்து மக்களிடையே இறங்கிய வேதத்தில் அந்த உவமை வந்திருப்பதை எண்ணி எண்ணி வியக்கிறோம்.

இங்கே பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்திலும் சுமார் ஒரு கிலோ பாரம் கூடும். ஆயிரம் மீட்டரில் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் 100 கிலோ. அஃதாவது 50 கிலோ அரிசி மூட்டை இரண்டு! அங்கே வாழும் மீன் ஏன் நசுங்கவில்லை? காற்றடைத்த பந்தை அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் நிறைத்துக் கட்டிய பையைச் சுற்றிலும் ஒரே சமமாக அழுத்தினால் சுருங்காது. நசுங்குவது காற்றே. ஆழ்கடல் மீன்கள் பலவற்றில் காற்றுப்பை இல்லை. எலும்பு மெலிந்தும் தசை நீர்த்தும் இருக்கின்றன. உள்ளேயும் வெளியேயும் பாரம் ஒன்றாகிவிடுவதால் அவை சௌக்கியமாக உலவுகின்றன. அவற்றை மேலே கொண்டுவந்தால்தான் கூழாகிப் போகின்றன.

உணவோ மிக அற்பம். மேல்தட்டுகளில் செத்த பாசியும், பிராணிகளின் கழிவும், செதில்களும் தூள் தூளாக ஓயாமல் கீழே உதிர்கின்றன. இதற்குக் 'கடற்பனி' என்று பெயர். கீழ்த்தட்டுக் குடிகளில் பெரும்பாலாருக்கு இதுதான் ரிஸ்கு. கிடைத்ததை விடாமல் பிடிக்க அகன்ற வாய், நீண்ட பல், விரியும் வயிறு என்று பல ஏற்பாடுகள். தூண்டில்மீன் தன் தலையில் ஒரு காம்பை நீட்டி, அதன் நுனியில் விளக்கேற்றி, இரையை வாயருகே வரவழைக்கிறது.

2018ஆம் ஆண்டில் சிங்கப்பூர், இந்தோனேசிய விஞ்ஞானிகள் சேர்ந்து 'பாருணா ஜயா' என்ற கப்பலில் ஜாவாவின் தென்கடலில் 14 நாட்கள் ஆராய்ச்சி நடத்தினார்கள். நம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பீட்டர் இங் அதன் தலைவர்களில் ஒருவர். சுமார் 12,000 பிராணிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று இறால், நண்டின் இனத்தைச் சேர்ந்தது, பதினான்கு கால், ஓர் அடிக்கு மேல் நீளம், பார்வைக்கு ராட்சசக் கரப்பான் போலிருக்கும். 2020இல் அதற்கு 'பாத்தினோமஸ் ரக்சாசா' என்று பெயர் சூட்டினார்கள். ரக்சாசா என்ற மலாய்ச் சொல் நம் ராட்சசனேதான். கடலடியில் ஊர்ந்து, மேலிருந்து விழும் பிணங்களைத் தின்பது இதன் தொழில். ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் இடையே எத்தனை மாதமோ! ஜப்பானின் தோபா நகர மீன்காட்சிச்சாலையில் இதன் உறவுப் பிராணி ஒன்று 2009 ஜனவரி முதல் 2014இல் சாகும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, போட்ட இரையைத் தொடாமலே உயிரோடிருந்தது.

தட்டுகளைக் கடக்கும் திமிங்கிலம்

இத்தட்டுகளுக்கு இடையே ஏறி இறங்கும் பெரும் பிரயாணி ஒன்று உண்டு. அதுதான் அம்பர் தரும் திமிங்கிலம். அத்தர் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு அம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடல் கணவாயின் கிளியலகு போன்ற கடிய வாய் இத்திமிங்கிலத்தின் குடலில் செரிக்காமல் தங்குவதிலிருந்து அம்பர் உண்டாகிறது. (இந்தியாவில் அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்பதை வியாபாரிகள் நினைவில் கொள்க.) அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் தலைமையில் சென்று பசியால் வாடிய ஸஹாபாக்கள், கரையில் ஒதுங்கிய 'அன்பர்' என்னும் பெரிய கடற்பிராணியைப் பல நாட்கள் உண்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது.

இந்தத் திமிங்கிலம் நம்மைப் போலக் காற்றைச் சுவாசிப்பது. ஆயினும் ஆயிரம் மீட்டருக்கும் மேல் மூழ்கி, ஒரு மணி நேரம் வரை கணவாய் வேட்டையாடும். எப்படி? காற்றை நுரையீரலில் வைத்துக்கொண்டு போனால் பாரம் நசுக்கிவிடும். ஆகவே பிராணவாயுவை இரத்தத்திலும் தசையிலும் சேமித்துக்கொள்கிறது. அதன் மாமிசம் கறுத்திருப்பது அதனாலேயே. விலா எலும்புகள் மடங்கிக் கொடுக்கும்; நுரையீரல் சுருங்கிவிடும்; உடையாது. இருட்டில் கண் உதவாதாகையால், டக் டக்கென்ற ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் இரையைக் கண்டுபிடிக்கிறது.

2015ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, நோன்பின் கடைசிப் பத்தில், இத்தகைய திமிங்கிலம் ஒன்று ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்தது. பெண்; நீளம் 10.6 மீட்டர். ஆழ்கடலில் வாழ வேண்டிய பிராணி நம் ஆழமற்ற நீரிணைக்கு வந்துசேர்ந்தது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தார் அதன் எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்து 2016 முதல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டத் தக்கது.

அதன் வயிற்றைத் திறந்து பார்த்தபோது இரண்டு வகைப் பொருள்கள் இருந்தன. ஒன்று, எண்ணற்ற கணவாய் அலகுகள். அது ஆழத்தின் உணவு. மற்றொன்று, பிளாஸ்டிக் குவளையும் உணவுப் பண்டத்தின் பிளாஸ்டிக் உறையும். அவை ஆழத்தில் விளைந்தவையல்ல. நம்மைப் போன்ற யாரோ ஒரு கடைக்காரர் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு விற்ற சரக்கு.

கடைசி இரண்டு தட்டுகள்

நான்காம் தட்டில் சமவெளிபோல மண் பரந்து கிடக்கிறது. நூற்றாண்டுகளாக உதிர்ந்த கடற்பனி அது. கடல் அட்டையின் இனங்கள் இங்கும் அந்த மண்ணைத் தின்று ஊர்கின்றன. சில இடங்களில் பூமியின் வெடிப்பிலிருந்து வெந்நீர் பீறிடுகிறது. 1977ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளின் அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், அத்தகைய ஊற்றைச் சுற்றி ஒரு பெரிய ஜீவ சமூகமே வாழ்வதைக் கண்டார்கள். அங்கே சூரியன் இல்லை. பூமியிலிருந்து வரும் இரசாயனத்தைக் கொண்டு உணவு சமைக்கும் நுண்ணுயிர்களே அச்சமூகத்தைப் போஷிக்கின்றன. இப்படிப்பட்ட ஆழத்துக்கு மூவரைக் கொண்டு செல்வதற்காகச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 'மத்ஸ்யா 6000' என்னும் டைட்டானியக் கலத்தை அமைத்து வருகிறது.

ஐந்தாம் தட்டில் பாரம் சொல்லி முடியாது. உலகிலேயே மிக ஆழமான மரியானாப் பெரும்பள்ளம் சுமார் 10,900 மீட்டர். அங்கே நகத்தளவு இடத்தில் இருபதுக்கு மேற்பட்ட அரிசி மூட்டைகளின் பாரம். இவ்வளவு பாரத்தில் உடம்பின் புரதங்களே உருக்குலைந்துவிடும். அதைத் தடுக்க ஆழ்கடல் மீன்களின் உடம்பில் ஒரு சரக்கு சேர்ந்திருக்கிறது. அது நமக்கு அறிமுகமானதே. மீன் கெடும்போது வீசும் வாடை அந்தச் சரக்கு சிதைவதால் உண்டாவது. மேல்தட்டு மீனில் அது கொஞ்சம். ஆழம் கூடக் கூட அதன் அளவும் கூடுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022ஆம் ஆண்டில் ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டரில் ஒரு நத்தைமீனைப் படம் பிடித்தார்கள். அதுவே இதுவரை மீன் காணப்பட்ட மிக ஆழமான இடம்.

மீன் போக முடியாத ஆழத்துக்கும் மனிதனின் கழிவு போயிருக்கிறது. மரியானாப் பள்ளத்தில் 10,898 மீட்டரில் கிடந்த பிளாஸ்டிக் பை ஒன்றின் படத்தை 2018ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். அந்தப் படம் 1998ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டது. வெளிச்சமும் இல்லை, வெப்பமும் இல்லையாதலால் அங்கே பிளாஸ்டிக் மட்கிப் போக வழியில்லை.

வியாபாரிகளாகிய நமக்கு

மேல்தட்டிலிருந்து எது விழுந்தாலும் கீழ்த்தட்டு அதை ரிஸ்கு என்றே ஏற்றுக்கொள்கிறது. ஆதி முதல் விழுந்ததெல்லாம் உணவாகவே இருந்தபடியால், விழுவதைச் சோதித்துப் பார்க்கும் புத்தி அந்த ஜீவன்களுக்குத் தேவைப்படவில்லை. கண் தெரியாத மனிதர் கையை நீட்டும்போது அதில் செல்லாக் காசை வைப்பதற்கும், ஆழ்கடலுக்கு நாம் பிளாஸ்டிக்கை அனுப்புவதற்கும் என்ன வித்தியாசம்? நிறுவையில் மோசம் செய்வது ஹராம் என்று நாம் அறிவோம். தராசின் மறுபக்கத்தில் பேசத் தெரிந்த மனிதன் இல்லாத இடத்திலும் அந்த நீதி உண்டல்லவா?

நம் சிராங்கூன் சாலை, டன்லப் தெருப் பக்கத்து வடிகால்களில் விழுந்தது ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அணை 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; இன்று அந்த நீர்த்தேக்கம் நாம் குடிக்கும் நீருக்கும் ஆதாரம். பெருமழையில் அணையின் கதவுகளைத் திறந்தால் மிதப்பது கடலுக்குப் போகும். கடையின் வாசலுக்கும் கடலுக்கும் தூரம் அவ்வளவே.

2023 ஜூலை 3ஆம் தேதி முதல் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம்மைப் போன்ற சிறு கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும், கட்டாயம் இல்லாதபோது செய்வதற்குத்தான் நற்கூலி அதிகம். இரண்டு வெற்றிலைக்கும் ஒரு தீப்பெட்டிக்கும் பை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பாதிப்பேர் வேண்டாம் என்பார்கள். பையின் செலவும் மிச்சம். கடை மூடும்போது வாசலைக் கூட்டும் பையனிடம் குப்பையை வடிகாலில் தள்ளாதே என்று சொல்லிவைப்பதும் நம் பொறுப்பே. துணிப்பையில் கடையின் பெயரை அச்சிட்டுக் கொடுத்தால் அது விளம்பரமும் ஆகும்.

முத்துப் பார் வற்றியதையும் கடல் அட்டை தடையானதையும் நம் சமுதாயம் கண்டுவிட்டது. கடலின் அளவை மீறியவனுக்கு முதலில் போவது பரக்கத்து. பிறகு போவது தொழில்.

பிள்ளைகளிடம் கேட்பதற்கு

1. கடலின் ஐந்து தட்டுகள் யாவை? நம் சிங்கப்பூர்க் கடல் எந்தத் தட்டைச் சேர்ந்தது?
2. சிவப்பு மீன் ஆழத்தில் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?
3. விளக்குமீன் தன் விளக்கைக் கொண்டு எப்படி ஒளிந்துகொள்கிறது?
4. ஆழ்கடலின் பாரத்தில் மீன் நசுங்காததற்குக் காரணம் என்ன?
5. ஜூரோங் தீவருகே கிடைத்த திமிங்கிலத்தின் வயிற்றில் இருந்த இரண்டு வகைப் பொருள்கள் யாவை? அவற்றுள் நாம் தடுக்கக்கூடியது எது?

எல்லாம் வல்ல அல்லாஹு தஆலா தன் படைப்பின் ஹிக்மத்தை அறிந்து நடக்கும் அறிவையும், ஹலாலான தொழிலில் பரக்கத்தையும் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.